கிட்டியும் மனுவும்

நம் முத்தாபுதுப்பேட்டையில் வேலித் தகராறு எழுந்தால் முதலில் உறவின் பெரியவர்களை அழைக்கிறோம். அவர்களால் முடியாவிடில் பங்குத்தந்தையை நாடுகிறோம். பூந்தமல்லி நீதிமன்றம் கடைசி வழி. அதன் படியேறுவதை மானக்கேடாகக் கருதுவோரும் நம்மிடையே உண்டு. ஆனால் மனு எழுத மட்டும் நாம் தயங்குவதில்லை. ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் நிற்கும் வரிசையே இதற்குச் சாட்சி. வழக்குக்கு அஞ்சி மனுவை நம்பும் இம்மனப்போக்கு பழமையானது.

கம்பெனி ஆட்சியில் வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்தனர். விரல்களைக் கிட்டியிலிட்டு நெரித்தனர்; உடலை வளைத்து அண்ணந்தாள் பூட்டினர். இதை விசாரிக்க 1854இல் சென்னையில் மூவர் குழு அமைந்தது. அச்செய்தி பரவியதும் ஏழை மக்கள் நெடுந்தொலைவு நடந்து வந்தனர். குழுவிடம் வந்த 1,959 முறையீடுகளில் 519 நேரில் சொல்லப்பட்டவை. அதுவரை அவர்கள் வாய் திறவாததற்கு அச்சம் மட்டும் காரணமன்று. கலெக்டருக்கு எழுதிய மனு, விசாரிக்கும்படி தாசில்தாருக்கே திருப்பப்படும். குற்றம் சாட்டப்பட்டவரோ பெரும்பாலும் அந்தத் தாசில்தாரின் ஆட்களே! பிறகு யார் துணிவர்?

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் தாயகமான போலந்து, 1795 முதல் 1918 வரை மூன்று பேரரசுகளிடையே துண்டாடப்பட்டுக் கிடந்தது. அயலார் சட்டத்துக்குப் போக்குக் காட்டுவதே அங்கு நாட்டுப்பற்றாயிற்று. நம் மக்களோ அயலாரிடமே நியாயம் கேட்டு நடந்தார்கள். காது கொடுத்துக் கேட்பார் உண்டு எனத் தெரிந்ததும் அஞ்சியவர்களே வரிசையில் நின்றார்கள் என்பதுதான் நமக்கு வியப்பளிக்கிறது.

கேட்பதற்கு ஆளிருந்தும் மொழி குறுக்கே நின்றது. இதைக் கண்ணெதிரே கண்டவர் நம் மறையைச் சேர்ந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து முன்சீப் ஆனவர். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். அவரை நாவலாசிரியராகப் போற்றும் நாம் இந்நூலை மறந்தே போனோம். 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலும், தமிழர் வழக்கைத் தமிழர்முன் ஆங்கிலத்தில் வாதிடும் வக்கீல்களை நகையாடினார்.

கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளிக்கும் சட்டத்திருத்தம் 1976இல்தான் வந்தது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டுமெனச் சட்டப்பேரவை 2006இல் தீர்மானித்தது. ஆனால் அங்கே ஆங்கிலமே நீடிக்கிறது. தீர்ப்பு நாளில் வெளியே வந்து, "ஐயா, நமக்கு ஜெயமா, தோல்வியா?" என்று வக்கீலிடம் கேட்பவர் இன்றும் உண்டு.