பரணில் உறங்கும் தூசி

குளிர்நாட்டு வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சரிவான கூரைக்கும் அறையின் மேல்தளத்துக்கும் நடுவே முக்கோண வடிவில் ஓர் இடம் இருக்கும். அதுதான் அவ்வீட்டின் பரண். பழைய பெட்டிகளும் குழந்தைகளின் பொம்மைகளும் அங்கேதான் போய்ச் சேரும். அறையைச் சூடாக்கினால் வெப்பம் மேலெழுந்து பரண் வழியே வெளியேறிவிடும். அதைத் தடுக்க, வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளொன்றைப் பரணின் தரையில் பரப்பவேண்டும். எதைப் பரப்புவது? அமெரிக்கர் பலர் இதற்குக் கண்ட விடை, பின்னர் பெருங்கவலையாக மாறியது.

வெர்மிகுலைட் என்பது அப்பிரகத்தைப் போல் ஏடு ஏடாக அமைந்த ஒரு கனிமம். ஏடுகளுக்கிடையே நீர் தங்கியிருக்கிறது. திடீரெனச் சூடேற்றினால் அந்நீர் ஆவியாகி ஏடுகளை விலக்கித் தள்ளுகிறது. கனிமம் சோளம்போல் பொரிந்து, புழுப்போல் நீள்கிறது. புழுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே இதற்குப் பெயர் வந்தது. பொரிந்த துணுக்குகளுக்குள் காற்று அடைபட்டு நிற்கும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி நம்மைக் குளிரிலிருந்து காப்பதும் இதனால்தான் அல்லவா?

மான்டானா மாநிலத்தின் லிபி என்னும் ஊருக்கு அருகே இக்கனிமம் பொரிவதை 1919-இல் எட்வர்ட் ஆலி என்பவர் கண்டறிந்தார். 1920-களில் 'சோனோலைட்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அது தீப்பற்றாது, எடையும் குறைவு. பையைப் பிரித்து, பரணின் உத்தரங்களுக்கிடையே கொட்டிச் சமப்படுத்தினால் போதும், வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம். வேறென்ன வேண்டும்? 1919 முதல் 1990 வரை அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் 70 விழுக்காட்டுக்கு மேல் லிபி சுரங்கத்திலிருந்தே வந்தது.

ஆனால், அம்மலையில் வெர்மிகுலைட்டோடு கல்நாரும், அதாவது அஸ்பெஸ்டாஸும், கலந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயை உண்டாக்க வல்லவை. சுரங்கத் தொழிலாளர் மட்டுமல்லர், அவர்களது உடையில் ஒட்டிவந்த தூசியால் மனைவி மக்களும் நோயுற்றனர். 1990-இல் சுரங்கம் மூடப்பட்டது. 1999-இல் செய்தித்தாள்கள் இதை நாடறியச் செய்தன. 2009-இல் அமெரிக்க அரசு லிபியில் பொதுச் சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்தது.

சுரங்கம் மூடப்பட்டாலும் பரண்களில் கொட்டியது அங்கேயே இருக்கிறது. அதைக் கிளறாமல் விட்டால் ஆபத்து குறைவு. ஆனால், பரண் வெறும் கூரையடி அன்றே! ஒரு பெட்டியை இழுத்தாலும் போதும். தூசி எழும், இழைகள் மூச்சில் கலக்கும். ஆகவேதான் அத்தகைய பரண்களில் பொருள்களை வைக்க வேண்டாம், குழந்தைகளை விளையாட விட வேண்டாம், தாமாக அள்ளி அகற்றவும் வேண்டாம் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது.

வெர்மிகுலைட் தன்னளவில் நஞ்சன்று. உடன் வந்த கல்நாரே நஞ்சு. பரணுக்குப் பொருளைத் தேர்ந்தவர்கள், வெப்பத்தைத் தடுக்குமா, நெருப்பைத் தாங்குமா என்று கேட்டார்கள். அது எந்த மண்ணிலிருந்து வந்தது, அதனுடன் என்ன கலந்து வந்தது, மனிதர் நடமாடும்போது அதிலிருந்து எழும் தூசி எத்தகையது என்றும் கேட்டிருக்கவேண்டும். வீட்டுக்கு ஒரு புதுப்பொருளை வாங்கும்போது நீங்களும் இக்கேள்விகளைக் கேட்பீர்கள் அல்லவா?