எண்ணெய்க் கசடை உண்ணும் பாக்டீரியா: வழக்கில் வென்றும் கடலில் இறங்கவில்லை

கச்சா எண்ணெய், பிளாஸ்டிக், ஆலைக் கழிவு வாயு ஆகியவற்றை உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் மாசு அகற்றும் பணியில் பயன்படுத்தப்படுகின்றன. அவற்றுள் சில, மாசைச் சிதைப்பதோடு நில்லாமல் பயனுள்ள வேதிப்பொருட்களையும் உற்பத்தி செய்கின்றன. இத்துறையின் சட்ட வரலாற்றைத் தொடங்கி வைத்தவர் இந்தியாவில் பிறந்த ஒரு விஞ்ஞானி ஆவார்.

மேற்கு வங்கத்தின் சைந்தியாவில் 1938-ஆம் ஆண்டு பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். கச்சா எண்ணெய் என்பது பலவகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஒரு வகை பாக்டீரியாவால் அவற்றுள் சிலவற்றை மட்டுமே சிதைக்க இயலும். சிதைக்கும் ஆற்றலுக்கான மரபணுக்கள் சூடோமோனாஸ் பாக்டீரியாக்களில் பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையங்களில் அமைந்துள்ளன. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது, வெவ்வேறு பாக்டீரியாக்களில் இருந்த அத்தகைய பிளாஸ்மிட்களை அவர் ஒரே பாக்டீரியாவில் ஒன்றுசேர்த்தார்.

அதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1972-இல் அளிக்கப்பட்டது. தயாரிப்பு முறைக்குக் காப்புரிமை வழங்க இசைந்த அதிகாரிகள், உயிருள்ள பாக்டீரியாவுக்கு வழங்க மறுத்தனர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980 ஜூன் 16 அன்று, 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மனிதரால் உருவாக்கப்பட்ட உயிரினம் காப்புரிமைக்கு உரியது என்ற அத்தீர்ப்பு, உயிரித் தொழில்நுட்பத் துறையின் வளர்ச்சிக்கு வழிவகுத்தது.

ஆயினும் அந்தப் பாக்டீரியா எந்த எண்ணெய்க் கசிவிலும் பயன்படுத்தப்படவில்லை. மரபணு மாற்றப்பட்ட உயிரியைத் திறந்த கடலில் விட்டபின் திரும்பப் பெற இயலாது என்பது ஒரு காரணம். மற்றொன்று சற்று வியப்பளிப்பது: எண்ணெயை உண்ணும் பாக்டீரியாக்கள் கடலில் இயற்கையாகவே உள்ளன. கசிவு ஏற்படும்போது அவற்றுக்குக் குறைவாக இருப்பவை நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துக்களே. அலாஸ்காவில் 1989-இல் எக்சான் வால்டெஸ் கப்பலில் இருந்து எண்ணெய் கசிந்தபோது, கடற்கரைகளில் உரம் தெளித்து அங்கிருந்த பாக்டீரியாக்களே ஊக்குவிக்கப்பட்டன.

இந்தியாவில் மரபணு மாற்றப்பட்ட நுண்ணுயிரிகளைச் சூழலில் விடுவிப்பது 1989-ஆம் ஆண்டு விதிகளால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. எரிசக்தி மற்றும் வள ஆராய்ச்சி நிறுவனமான டெரி உருவாக்கிய 'ஆயில்ஸாப்பர்', பல பாக்டீரியாக்களின் கலவை; பொடித்த மக்காச்சோளத் தக்கையில் ஏற்றப்பட்டுக் களத்துக்கு அனுப்பப்படுகிறது. எண்ணெய்க் கசடுடன் இதையும் சத்துக்களையும் கலந்து, ஈரம் காத்து, காற்றோட்டத்துக்காக அவ்வப்போது உழுது விட வேண்டும். வேலை முடியப் பல மாதங்கள் ஆகும். சென்னையை அடுத்த எண்ணூர் அருகே 2017 ஜனவரி 28 அன்று இரு கப்பல்கள் மோதியதில் கரை ஒதுங்கிய எண்ணெய், வாளிகளில் அள்ளப்பட்டது; அந்தக் கசடைச் சீர்செய்யவும் பாக்டீரியா முறை கையாளப்பட்டது. கசடில் கன உலோகங்கள் இருப்பின், அவற்றை எந்தப் பாக்டீரியாவாலும் அழிக்க இயலாது. வேதி வடிவத்தை மாற்றவே முடியும்.

வேதிப்பொருள் உற்பத்தி மூடிய கலன்களுக்குள் நடைபெறுவதால் இச்சிக்கல்கள் குறைவு. அரியானாவின் பானிப்பட்டில் உள்ள இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலையில், கழிவு வாயுவைப் பாக்டீரியாக்களைக் கொண்டு எத்தனாலாக மாற்றும் பிரிவு அமைக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவின் லான்ஸாடெக் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் இயங்கும் இம்முறையில், கார்பன் கொண்ட வாயுக்களே பாக்டீரியாக்களுக்கு உணவு. கரும்போ தானியமோ தேவையில்லை.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தண்ணீர் பாட்டில்களில் பயன்படும் பெட் பிளாஸ்டிக்கிலிருந்து பெறப்பட்ட மூலப்பொருளை, மரபணு மாற்றப்பட்ட ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டு பாராசிட்டமாலாக மாற்றியதை 2025-இல் வெளியிட்டனர். 24 மணி நேரத்துக்குள் நிறைவுறும் இந்த மாற்றம் இன்னும் ஆய்வக அளவிலேயே உள்ளது.