குறைமின்னழுத்த ஒப்புமைப் பெருக்கிகளும் வடிப்பிகளும்: 300 வோல்ட் முதல் அரை வோல்ட் வரை

ஆய்வுச் சுருக்கம்

மின்னணு வடிப்பிகளில் பயன்படும் ஒப்புமைப் பெருக்கிகளின் வழங்கு மின்னழுத்தம் 1952 முதல் 2005 வரை குறைந்துவந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இக்குறைவு ஒப்புமைச் சுற்றுகள் நாடிப் பெற்ற ஆதாயமன்று. பெரும்பாலும் இலக்கமுறைச் சுற்றுகளின் தேவையால் அவற்றின்மேல் விழுந்த கட்டுப்பாடு. அதற்குத் தீர்வு தந்தது புதிய உற்பத்தி நுட்பத்தினும் சுற்றமைப்புச் சிந்தனையே என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஒப்புமைப் பெருக்கி, வடிப்பி, வழங்கு மின்னழுத்தம், தொடக்க மின்னழுத்தம், சிமாஸ்

1. முன்னுரை

வேண்டிய அதிர்வெண்களை விடுத்து, வேண்டாதவற்றைத் தடுக்கும் சுற்று வடிப்பி எனப்படும். 1915-இல் அமெரிக்காவில் கேம்பெலும் ஜெர்மனியில் வாக்னரும் தனித்தனியே இதற்கு அடித்தளமிட்டனர். அவர்கள் கையாண்டவை மின்தூண்டிகளும் மின்தேக்கிகளும் ஆகும். தாழ் அதிர்வெண்களில் மின்தூண்டி பருத்தும் கனத்தும் போகும். சில்லுக்குள் அதை அமைப்பது ஏறத்தாழ இயலாதது. 1955-இல் சாலன், கீ ஆகிய இருவரும் மின்தடை, மின்தேக்கி, பெருக்கி ஆகியவற்றைக் கொண்டே வடிப்பி அமைக்கும் முறையை வெளியிட்டனர். இத்தகைய முயற்சிகளால் வடிப்பியின் தரம் பெருக்கியின் தரத்தைச் சார்ந்ததாயிற்று. ஆகவே வடிப்பியின் வரலாற்றைப் பெருக்கியின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது.

2. வெற்றிடக் குழலிலிருந்து சில்லுக்கு

1952-இல் ஃபில்பிரிக் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த கே2-டபிள்யூ என்னும் செயற்பாட்டுப் பெருக்கி, இரு வெற்றிடக் குழல்களால் ஆனது. அதற்கு நேர்மின்பக்கம் 300 வோல்ட்டும் எதிர்மின்பக்கம் 300 வோல்ட்டும் தேவைப்பட்டன. 1968-இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஃபுல்லகர் வடிவமைத்த 741, இருபுறமும் 15 வோல்ட்டில் இயங்கியது. 1978-இல் வைட்லர் தம் எல்எம்10 சுற்றின் வழி 1.1 வோல்ட்டிலும் பெருக்கி இயங்கும் எனக் காட்டினார். அதற்கு ஓராண்டு முன்னரே, சுவிட்சர்லாந்தின் நொய்ஷாட்டெல் நகரில் கைக்கடிகாரச் சில்லுகளை ஆராய்ந்த விட்டோஸ், ஃபெல்ராத் இருவரும் திரிதடையத்தை அதன் தொடக்க மின்னழுத்தத்திற்குக் கீழேயே இயக்கும் முறையை விளக்கியிருந்தனர். கடிகாரத்தின் சிறு மின்கலமே அம்முறைக்குக் காரணம்.

3. மின்னழுத்தக் குறைவின் விலை

1974-இல் டென்னார்டு குழுவினர் வகுத்த அளவுச்சுருக்க விதியின்படி, திரிதடையம் சிறுத்தால் வழங்கு மின்னழுத்தமும் அதற்கேற்பக் குறைய வேண்டும். இலக்கமுறைச் சுற்றுக்கு இது பெரும் நன்மை. அதன் இயங்கு திறன்செலவு மின்னழுத்தத்தின் இருமடியைச் சார்ந்தது. ஒப்புமைச் சுற்றின் நிலை வேறு. குறிகையின் வீச்சு பாதியானால் அதன் திறன் நான்கிலொன்றாகிறது. வெப்ப இரைச்சலோ குறைவதில்லை. பழைய தெளிவை மீட்க மின்தேக்கியை நான்கு மடங்காக்க வேண்டும். அதை நிரப்ப மின்னோட்டமும் மிகும். ஒரு முனை கொண்ட வடிப்பிக்குத் தேவையான குறைந்தபட்சத் திறன், வெப்ப ஆற்றல், அதிர்வெண், குறிகை-இரைச்சல் விகிதம் ஆகியவற்றின் பெருக்கற்பலனைப் போல் 8 மடங்கு என்பது விட்டோஸின் முடிவு. இவ்வாய்பாட்டில் வழங்கு மின்னழுத்தத்திற்கு இடமே இல்லை. நடைமுறையில் திரிதடையங்கள் தமக்கென ஒரு பங்கு மின்னழுத்தத்தை எடுத்துக்கொள்வதால், வழங்கல் குறையுந்தோறும் இழப்பே கூடுகிறது.

தொடக்க மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கலாமே எனின், அதற்கும் வரம்புண்டு. அதனை ஏறத்தாழ 60 முதல் 100 மில்லிவோல்ட் குறைத்தால் அணைந்த நிலையின் கசிவு மின்னோட்டம் 10 மடங்காகும். கோடிக்கணக்கான திரிதடையங்கள் உள்ள சில்லில் இதைப் பொறுக்க இயலாது.

4. அரை வோல்ட் வடிப்பி

இந்நெருக்கடிக்கு ஒரு மறுமொழி 2005-இல் வந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற ஷௌரி சாட்டர்ஜி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சிவிடிஸ், கிங்கெட் ஆகியோருடன் அரை வோல்ட்டில் இயங்கும் பெருக்கிகளையும் வடிப்பியையும் வெளியிட்டார். அவர்கள் பயன்படுத்திய திரிதடையங்களின் தொடக்க மின்னழுத்தமும் அதே அரை வோல்ட்தான்.

திரிதடையத்திற்கு வாயில் மட்டுமன்றி உடல் என்னும் முனையும் உண்டு. குறிகையை உடல்முனை வழியே செலுத்தும் கருத்து புதிதன்று: 1987-இல் பாரிசில் நடந்த கருத்தரங்கில் குசின்ஸ்கி குழுவினர் வடிப்பிக்கென அத்தகைய பெருக்கியை முன்வைத்தனர், 1998-இல் பிளாலாக், ஆலன், ரிங்கன்-மோரா ஆகியோர் 1 வோல்ட் செயற்பாட்டுப் பெருக்கியை அவ்வழியில் அமைத்தனர். வழக்கமான மின்னழுத்தங்களில் உடல்சந்தியை முன்னோக்கிச் சாய்ப்பது இடருடையது; சந்தி கடத்தத் தொடங்கிச் சில்லே பழுதாகலாம். வழங்கலே அரை வோல்ட்டாக இருக்கும்போது, சந்தி முழுமையாகக் கடத்தும் அளவுக்கு மின்னழுத்தம் உயர வழியில்லை. தடையாக வந்த குறைமின்னழுத்தமே இங்கு உரிமமாயிற்று.

உடல்வழிப் பெருக்கி 52 டெசிபெல் பெருக்கமும், வாயில்வழிப் பெருக்கி 62 டெசிபெல் பெருக்கமும் தந்தன. பின்னதைக் கொண்டு 135 கிலோஹெர்ட்ஸ் எல்லையுடைய ஐந்தாம் படி நீள்வட்டத் தாழ்விடு வடிப்பி அமைக்கப்பட்டது. அது 2.2 மில்லியாம்பியர் எடுத்து 57 டெசிபெல் இயங்கு வீச்சு அளித்தது; திறன்செலவு 1.1 மில்லிவாட். விட்டோஸ் வாய்பாட்டின்படி ஐந்து முனைகளுக்கும் எளிய கணக்கில் ஏறத்தாழ 11 நானோவாட் போதும். இடையிலுள்ள இலட்சம் மடங்கு இடைவெளி, இத்துறையில் இயற்பியல் வரம்புக்கு முன்பாகச் செய்யவேண்டிய பணி எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைக் காட்டுகிறது.

5. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றில் ஒரு செய்தி சிறப்பாகக் கருதத்தக்கது. அரை வோல்ட் வடிப்பி பிறந்தது 0.18 மைக்ரோமீட்டர் சிமாஸ் நுட்பத்தில். அது 2005-இலேயே முன்னணி நுட்பமன்று. இன்று மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தின் உற்பத்திக்கூடம் இதே பரிமாணத்தில், அதாவது 180 நானோமீட்டரில், சில்லு உருவாக்குகிறது. 1984-இல் தொடங்கப்பட்டுப் பின்னர்ப் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த புதுச்சேரிப் பொறியியல் கல்லூரி போன்ற மாநில அளவிலான நிறுவனங்களுக்கு இது பொருளுடையது. மிகச் சிறிய பரிமாண ஆலை வாய்க்கும் வரை ஒப்புமைச் சுற்றாய்வு காத்திருக்க வேண்டும் என்னும் எண்ணத்திற்கு இவ்வரலாறு இடம் தரவில்லை. 741-இன் 15 வோல்ட்டைக் கற்பிக்கும் பாடத்திட்டத்தில் எல்எம்10 முதல் அரை வோல்ட் வடிப்பி வரையிலான படிநிலைகளும் இடம்பெற்றால், மாணவர் கட்டுப்பாட்டையே வடிவமைப்பின் தொடக்கப்புள்ளியாகக் கொள்ளக் கற்பர்.