கடலடிக் கம்பியும் மருத்துவரின் கண்ணும்

உச்சமுனைக் கரையில் நிற்போர்க்கு அலை தெரியும், ஆழம் தெரியாது. மனித உடலும் அத்தகையதே. அவ்வுடலின் ஆழத்தைக் காட்டும் பொருளொன்றின் குணம், கடலடித் தந்தி வேலையிலேதான் வெளிப்பட்டது என்பது வியப்பன்றோ?

கடலடிக் கம்பிகளைச் சோதிக்கச் செலீனியக் கோல்களைக் கையாண்டனர். வெளிச்சம் பட்டதும் அவற்றின் மின்தடை குறைவதை, 1873இல் வில்லோபி சிமித் என்னும் ஆங்கிலப் பொறியாளர் அறிவித்தார். அளவையைக் கெடுத்த அக்குறையே பின்னர் வரமாயிற்று.

1895இல் ரோண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். இன்று மார்பகத்தைப் படமெடுக்கும் கருவிகள் சிலவற்றில், மெல்லிய செலீனியப் படலம் அக்கதிரை ஏற்று நேரே மின்னூட்டமாக்குகிறது. இடையில் ஒளியாக மாறிப் பரவாமையால் படம் கூர்மையாகிறது. புற்றின் தொடக்கத்தைச் சுட்டக்கூடிய நுண்ணிய சுண்ணப் பொட்டுகளும் புலனாகின்றன.

பிழையென்று ஒதுக்காது ஆராய்ந்தவரின் பொறுமை, இன்று தாய்மாரின் உயிர் காக்கத் துணைநிற்கிறது.