கொல்லி லிம்ஃபோசைட்டுகள்: செல்லழிப்பு முறையை அறிந்த வரலாறு

வைரஸ் புகுந்த செல்லையும் புற்றாக மாறிய செல்லையும் தொட்டு அழிக்கும் வெள்ளையணுக்களில் இருவகை முதன்மையானவை: கொல்லி டி செல், இயற்கைக் கொல்லி செல். இலக்கைத் தேர்ந்தெடுப்பதில் இவை வேறுபட்டாலும் அழிக்கும் கருவி ஏறக்குறைய ஒன்றுதான். இலக்கின் சவ்வில் ஓட்டை போட்டு அதை வெடிக்க வைக்கின்றன என்பதே இவற்றைப் பற்றி எளிதில் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மை. அறுபதாண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், கொல்லி செல் சாவுக்கு ஆணையிடுகிறது, அந்த ஆணையை நிறைவேற்றுபவை பெரும்பாலும் இலக்குக்குள் ஏற்கெனவே இருக்கும் புரதங்கள் என்பது புலப்படும்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த கோவார்ட்ஸ் 1960இல், வேறொரு நாயின் சிறுநீரகம் பொருத்தப்பட்ட நாய்களிலிருந்து லிம்ஃபோசைட்டுகளை எடுத்து, கொடை நாயின் சிறுநீரகச் செல்களோடு கண்ணாடிக் கலத்தில் சேர்த்தார். கொடைச் செல்கள் அழிந்தன. திசுவை நிராகரிக்கும் வேலையை லிம்ஃபோசைட் நேரடியாகவே செய்யக்கூடும் என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் எத்தனை செல்கள் செத்தன என்று எண்ணுவது கடினமாக இருந்தது. 1968இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் பிரன்னரும் செரோட்டினியும் ஒரு வழி கண்டார்கள். இலக்கு செல்களுக்குள் கதிரியக்கக் குரோமியம்-51ஐ ஏற்றி, வெளியே ஒட்டியதைக் கழுவிவிட்டு, கொல்லி செல்களோடு சில மணி நேரம் வைத்தார்கள். சவ்வு கிழிந்த செல்லிலிருந்து குரோமியம் திரவத்தில் கசியும். அதை அளந்தால் சாவின் அளவு தெரியும். துறையையே வளர்த்த இந்த முறைக்கு ஒரு குறையும் இருந்தது. சவ்வு கிழிவதை மட்டுமே அது காட்டும். அதற்கு முன் செல்லுக்குள் என்ன நடந்தாலும் அதன் கண்ணில் படாது. சவ்வுதான் தாக்கப்படுகிறது என்ற எண்ணம் அடுத்த இருபதாண்டுகள் கோலோச்சியதற்கு இந்தக் கருவியும் ஒரு காரணம் என்பதே என் கணிப்பு.

1970களில் எரிக் மார்ட்ஸ் போன்றோர் அழிப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலில் ஒட்டிக்கொள்ளுதல், இதற்கு மக்னீசியம் வேண்டும். அடுத்தது மரண அடி, இதற்குக் கால்சியம் வேண்டும். மரண அடி விழுந்தபின் கொல்லி செல்லை விலக்கிவிட்டாலும் இலக்கு தனியாகவே கிடந்து செத்தது. விலகிய கொல்லி செல்லோ அடுத்த இலக்கைத் தேடிப் போனது.

இதே காலத்தில்தான் இயற்கைக் கொல்லி செல்லும் வெளிப்பட்டது. எந்த முன்பயிற்சியும் பெறாத எலிகளின் லிம்ஃபோசைட்டுகள் புற்றுச் செல்களைக் கொல்வதை 1975இல் ஸ்டாக்ஹோமில் கீஸ்லிங், கிளைன், விக்செல் ஆகியோர் பதிவு செய்தார்கள்; அமெரிக்காவில் ஹெர்பர்மன் குழுவும் அதைக் கண்டது. டி செல், செல்லின் மேற்பரப்பில் அந்நியத் துண்டு ஏந்திய எம்எச்சி என்ற புரதத்தைத் தேடுகிறது (1974இல் கான்பெராவில் சிங்கர்நாகலும் டோஹெர்ட்டியும் காட்டியது). இயற்கைக் கொல்லி செல்லோ அந்தப் புரதம் இல்லாத செல்லைத் தாக்குகிறது என்பதை 1986இல் கேரே குழு நிறுவியது. டி செல்லிடமிருந்து தப்ப எம்எச்சியை மறைக்கும் செல் இதனிடம் சிக்கும்.

ஓட்டைக் கொள்கைக்கு வலுவான ஆதாரம் எலக்ட்ரான் நுண்ணோக்கியிலிருந்து வந்தது. 1980இல் டூர்மாஷ்கின், ஹென்கார்ட் குழுவினர் தாக்கப்பட்ட சவ்வுகளில் வட்டமான வளையங்களைக் கண்டார்கள். 1985இல் அந்த வளையத்தை ஆக்கும் பெர்ஃபோரின் புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. இரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் புரதங்களும் இதேபோல் துளையிட்டே செல்லைக் கொல்வதால், கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் செயின்ட் லூயிஸில் ஜான் ரசல் 1980லேயே ஒரு முரணைக் காட்டியிருந்தார். கொல்லி டி செல் தொட்ட சில நிமிடங்களில், குரோமியம் கசியும் முன்பே, இலக்கின் உட்கருவும் டிஎன்ஏவும் சிதையத் தொடங்குகின்றன. காம்ப்ளிமென்ட் கொன்ற செல்லில் இப்படி நடப்பதில்லை. வெறும் துளை இதை விளக்காது. 1990களின் தொடக்கத்தில் ஹென்கார்ட் குழு, கொல்லும் திறனில்லாத எலிச் செல்களில் பெர்ஃபோரினை மட்டும் புகுத்திப் பார்த்தது. அவை சிவப்பணுக்களை உடைத்தன. புற்றுச் செல்களையும் ஓரளவு கொன்றன, ஆனால் டிஎன்ஏ சிதையவில்லை. கிரான்சைம் என்ற புரத வெட்டியையும் சேர்த்தபோதுதான் சிதைந்தது. பெர்ஃபோரின் திறப்பது வாசல். அதன் வழியே உள்ளே போவது கிரான்சைம்.

கிரான்சைம் கொண்டுபோகும் ஆணையை ஏற்பவர் யார் என்பது 1995இல் தெளிந்தது. கிரான்சைம் பி, இலக்குக்குள் உறங்கும் கேஸ்பேஸ்-3 என்ற புரதத்தை வெட்டி எழுப்புகிறது; செல் தன்னைத் தானே கலைத்துக்கொள்ளும் அபோப்டோசிஸ் அதிலிருந்து தொடங்குகிறது. துளையே வேண்டாத இன்னொரு வழியும் உண்டு. கொல்லி செல்லின் மேலுள்ள ஃபாஸ் லிகாண்ட், இலக்கின் மேலுள்ள ஃபாஸைத் தொட்டாலே உள்ளே கேஸ்பேஸ்கள் விழிக்கின்றன. தொடுகையே ஆணையாகும் இந்த வழியைத் துளைக் கொள்கையால் விளக்க முடியாது.

துளை வெறும் வாசல் என்ற இந்தக் கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1994இல் சூரிச்சில் கேகி குழு உருவாக்கிய பெர்ஃபோரின் இல்லாத எலிகளால் எல்சிஎம் வைரஸை ஒழிக்க முடியவில்லை. மனிதரிலும், 1952இல் ஃபார்குவாரும் கிளேரோவும் விவரித்த கொடிய குழந்தை நோய்க்கு, அதாவது இரத்த அணுக்களையே விழுங்கும் குடும்பவழி நோய்க்கு, பெர்ஃபோரின் மரபணுக் குறை ஒரு காரணம் என்று 1999இல் தெரிந்தது. கிரான்சைம் பி இல்லாத எலிகளோ அவ்வளவு பாதிக்கப்படவில்லை. அப்படியானால் துளைதானே முக்கியம்? அப்படி முடிவுகட்ட முடியாது. மனிதரில் கிரான்சைம்கள் ஐந்து, எலியில் அதைவிட அதிகம். ஒன்று போனால் மற்றவை கைகொடுக்கும். எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றுதான் என்பதால், வாசல் அடைபட்டால் அத்தனையும் நின்றுவிடும். வைரஸ்களின் நடத்தையும் இதையே சொல்கிறது. மாட்டம்மை வைரஸின் சிஆர்எம்ஏ புரதமும் அடினோவைரஸின் ஒரு புரதமும் தடுப்பது பெர்ஃபோரினை அல்ல, கிரான்சைம் பியை. துளை மட்டுமே கொன்றிருந்தால் இந்தத் தடுப்புகளால் வைரஸுக்கு என்ன பயன்?

2013இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று இந்தத் தாக்குதலை உயிருள்ள செல்களில் நொடி நொடியாகப் பார்த்தது. கொல்லி செல்லுக்குள் கால்சியம் பாய்ந்து அரை நிமிடத்துக்குள் இலக்கில் துளை விழுகிறது. ஒன்றரை நிமிடத்துக்குள் இலக்கு அதை அடைத்தும் விடுகிறது. அதற்குள் கிரான்சைம் உள்ளே போய்விட்டதால், சவ்வு சீரான செல்லும் சிறிது நேரத்தில் சுருங்கிச் சாகிறது. இரு செல்லும் நெருங்கி நிற்கும் அந்த இடைவெளியில் கொல்லி செல் மட்டும் தப்புவது நீண்ட நாள் புதிர். அதன் சவ்வில் கொழுப்புகள் இறுக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் பெர்ஃபோரின் எளிதில் பதிவதில்லை என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

2020இல் வெடிப்பு மீண்டும் விவாதத்துக்கு வந்தது. கிரான்சைம் ஏ, காஸ்டெர்மின் பி என்ற புரதத்தை வெட்டுகிறது. கிரான்சைம் பி, காஸ்டெர்மின் ஈயை வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டுகள் சவ்வில் துளையிட, செல் வெடித்து, அழற்சியைத் தூண்டிச் சாகிறது. பழைய கொள்கையே வென்றதுபோல் தோன்றலாம். ஆனால் இந்தத் துளை உள்ளிருந்து விழுகிறது. இடுவது இலக்கின் சொந்தப் புரதம். அது இல்லாத செல் அதே ஆணைக்கு வெடிக்காமல் சுருங்கிச் சாகும். பல புற்றுக் கட்டிகளில் காஸ்டெர்மின் ஈ மரபணு அடக்கப்பட்டோ பழுதுபட்டோ இருப்பதற்கு, அழற்சியைத் தூண்டும் இந்தச் சாவிலிருந்து தப்புவதே காரணம் என்று இதைக் கண்ட ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.