தேகப் பயிற்சியும் கணக்குக் கேட்பவரும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்ற பழமொழியை அறியாத தமிழர் இலர். 1897ஆம் ஆண்டு கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், அங்கிருந்து சென்னை சேர்ந்து பேசியபோது, வாலிபர்களுக்கு முதற்கண் வேண்டியது வலிமையே என்று அறிவுறுத்தினார். அதனை எடுத்துக் கூறாத ஆண்டு மலர் அரிது. ஆயினும் தைப்பொங்கலன்று தேகப் பயிற்சியைத் தொடங்கித் தைப்பூசத்துக்கு முன்னரே கைவிட்டுவிடும் வாலிபர்களே நம்மிடையே பலர். இதனை எழுதுபவனும் அவர்களுள் ஒருவனாக இருந்தவனே.

இது அறியாமையின் விளைவா? அன்று. இக்காலத்தில் பயிற்சி முறைகளைக் கைத்தொலைபேசி காட்டுகிறது; நடந்த அடிகளைக் கைக்கடிகாரம் எண்ணிச் சொல்கிறது. நமக்குக் குறைவாக இருப்பது, “நேற்று ஏன் வரவில்லை?” என்று முகத்துக்கு நேரே கேட்பதற்கு ஓர் ஆள். உடலைப் பேணி வளர்த்த ஒவ்வொரு காலத்தவரும் இக்கேள்வியைக் கேட்க ஒருவரைத் தேடிக்கொண்டனர் என்பதை வரலாறு காட்டும். அவர் யாராக இருக்கலாம், அவருக்கு நம்மீது எத்தகைய உரிமையைக் கொடுக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பகலிற் பிரட்டு, இரவிற் சிலம்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நம் முன்னோர் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து முதலில் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் றப்பருக்குமாக இந்நாட்டின் மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். வரும்போது அவர்கள் மாரியம்மனைக் கொண்டுவந்தனர், காமன் கூத்தைக் கொண்டுவந்தனர், சிலம்பத்தையும் கொண்டுவந்தனர்.

பகற்பொழுது அவர்களுடையதாக இருக்கவில்லை. விடியுமுன் தப்பு ஒலிக்கும். பிரட்டுக் களத்தில் வந்து நிற்கவேண்டும். கங்காணி ஆள் எண்ணுவார். கணக்கப்பிள்ளை செக்ரோலில் பதிவார். ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்துப் பேச்சில் ‘ஒரு பேர்’ என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. வேலைக்கு வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் பெரிய கங்காணிக்குத் ‘தலைக்காசு’ கிடைத்தது. ஆகவே, “நேற்று ஏன் வரவில்லை?” என்ற கேள்வியை நம் பாட்டன்மார் நாள்தோறும் கேட்டனர், அக்கேள்விக்குப் பின்னே ஒரு காசு இருந்தது. கடனோடு ஆளைக் கட்டிவைத்த ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் கணக்குக் கேட்கப்படுவதில் நம்மவர்க்கு ஏற்பட்ட கசப்பு ஒரு சட்டத்தால் ஒழிந்துவிடக் கூடியதன்று.

இரவு வேறு. என் பாட்டனார் மொனராகலைப் பக்கத்து றப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். அவர் வாலிபராக இருந்த காலத்தில் கோயிலுக்குப் பின்னால் சிலம்பம் பழகியதைச் சொல்லுவார். சலாம் வரிசையிலிருந்து தொடங்கவேண்டும். தண்டால், பஸ்கி முடிக்காமற் கம்பைத் தொட முடியாது. எவனாவது ஓர் இரவு வராவிட்டால், மறுநாள் அந்தியில் வாத்தியார் அவனுடைய லயத்து வாசலிலே வந்து நிற்பாராம். வைய மாட்டாராம். “கம்பு உன்னைத் தேடுதடா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாராம். அன்றிரவு போகாமல் இருக்க முடியுமா?

கங்காணி கேட்ட கேள்வியும் வாத்தியார் கேட்ட கேள்வியும் ஒன்றே. முன்னதற்கு அஞ்சினார்கள், பின்னதற்கு நாணினார்கள். கங்காணியை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வாத்தியாரையோ வெற்றிலை பாக்கு வைத்து, காலைத் தொட்டு வணங்கி, “என்னைக் கேளுங்கள்” என்று தாமே வேண்டிக்கொண்டார்கள். அடிமைக்கும் மாணாக்கனுக்கும் உள்ள வேற்றுமை இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

தபாலில் வந்த ஆசான்

இனி, ஆசான் அருகில் இல்லாதவன் என்ன செய்வான்? இவ்வினாவுக்கு மேனாட்டில் ஒரு விடை கண்டவர் யூஜின் சாண்டோ. 1867இல் பிரஷ்யாவிலே பிறந்து, இலண்டனிற் பெரும்புகழ் பெற்ற பயில்வான் இவர். 1898இல் தேகப் பயிற்சிக்கென ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். பயிற்சிக் கூடங்களை நிறுவினார். தூரத்தில் இருந்தவர்களுக்குத் தபால் மூலம் பாடம் நடத்தினார். மாணாக்கன் தன் மார்பு, புயம், இடை முதலியவற்றை அளந்து எழுதி அனுப்பவேண்டும். அளவுநாடா பொய் சொல்லாது. அதைப் பிடிக்கும் கை சொல்லலாம். அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். தம் முறைப்படி பயின்றவர்களுக்கு மாவட்டந்தோறும் போட்டிகள் நடத்தி, வென்றவர்களை 1901ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி இலண்டன் அல்பேர்ட் மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நிறுத்தினார். நடுவர்களுள் ஒருவர் ஷேர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆதர் கொனன் டொயில். தனியறையில் எழுதிய கணக்கு இறுதியில் மக்கள் கண்முன் வந்தே ஆகவேண்டும் என்ற எண்ணம் எத்தனை பேரை விடியற்காலையில் எழுப்பியிருக்கும்!

சாண்டோவின் புகழ் நம் பக்கமும் பரவிற்று. 1905ஆம் ஆண்டையொட்டி அவர் இந்தியாவிற் சுற்றுப்பயணம் செய்தார். கையில்லாத உள்ளாடைக்குத் தமிழர் ‘சாண்டோ பனியன்’ என்று பெயரிட்டனர். கோயம்புத்தூர் சின்னப்பா தேவர் படத் தயாரிப்பாளராகப் புகழ்பெற்ற பின்னரும் ‘சாண்டோ’ என்ற பட்டத்தைத் தம் பெயரின் முன்னிருந்து நீக்கவில்லை. மராட்டியத்தில் ஔந்து சமஸ்தானத்தின் அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி சாண்டோ முறையைப் பல ஆண்டுகள் பயின்று, பின்னர் சூரிய நமஸ்காரத்துக்குத் திரும்பினார். தாம் மட்டுஞ் செய்யாமல் தம் குடும்பத்தாரையும் செய்வித்து, சமஸ்தானத்துப் பாடசாலைகளிலும் அதனைப் புகுத்தினார். மனைவி மக்கள் எழுந்து காத்திருக்கும்போது அரசரே ஆனாலும் படுக்கையிற் புரள முடியாதல்லவா?

பெங்களூரில் கே. வி. ஐயர் (1897–1980) ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் என்ற கூடத்தை நடத்தி, சூரிய நமஸ்காரத்தையும் பளுப் பயிற்சியையும் இணைத்துக் கற்பித்தார். அவரும் தபால் வழிப் பாடம் நடத்தியவரே. சென்னையிலோ 1920ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். பாடசாலைதோறும் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் வேண்டும் என்ற எண்ணம் நம் நாடுகளில் வேரூன்றியதற்கு அக்கல்லூரி ஒரு பெருங்காரணம். மிஷன் பாடசாலையிற் படித்த எனக்கு விளையாட்டு ஆசிரியரின் ஊதுகுழல் ஒலி இன்னும் காதில் இருக்கிறது. அது ஒலித்த நாட்களில் ஓடினேன். பாடசாலையை விட்டதும் ஓட்டமும் விட்டது. ஊதுகுழலுக்காக ஓடினேனேயன்றி எனக்காக ஓடவில்லை என்பது அப்போது விளங்கவில்லை.

ஒரே ஆசானிடம் இருவர்

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை நாம் அறிவோம். 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கப் பதக்கத்தைக் கொணர்ந்தவர். உயரம் பாய்பவனுக்குக் குறுக்குக் கம்பே ஒரு கணக்கப்பிள்ளை. அது விழுந்தால் விழுந்ததுதான், சமாதானம் சொல்ல இடமில்லை. ஆயினும் கம்பு மட்டும் போதாது. அவர் அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். அங்கே அக்காலத்தில் தடகளத் தலைமைப் பயிற்றுநராக விளங்கியவர் டக்கி டிரேக்.

அந்த டிரேக்கிடமே ரேபர் ஜோன்சன் என்ற அமெரிக்கரும் சி. கே. யாங் என்ற தாய்வான் வீரரும் பயின்றனர். இருவருக்கும் ஒரே போட்டி: பத்து நிகழ்ச்சிகள் கொண்ட டெகத்லன். நாள்தோறும் ஒரே மைதானத்தில் ஒருவரையொருவர் பார்த்துப் பயின்றனர், நண்பராகவும் இருந்தனர். 1960 செப்டெம்பரில் ரோம் ஒலிம்பிக்கிலே இருவரும் நேருக்கு நேர் நின்றனர். இறுதியாக எஞ்சியது 1500 மீற்றர் ஓட்டம். அதில் ஜோன்சனைப் பத்து வினாடியளவு பின்தள்ளினால் தங்கம் யாங்குக்கு. டிரேக்கிடம் இருவரும் ஆலோசனை கேட்டனர். “அவனை விட்டுப் பிரியாதே” என்ற கருத்தில் ஒருவருக்கும், “அவனை உதறிவிட்டு ஓடு” என்ற கருத்தில் மற்றவருக்கும் அவர் நேர்மையாகவே வழி சொன்னார். யாங் ஓடினார், ஜோன்சன் நிழல்போல் ஒட்டிக்கொண்டார். இடைவெளி 1.2 வினாடியே. 8392 புள்ளியுடன் ஜோன்சன் தங்கமும், 8334 புள்ளியுடன் யாங் வெள்ளியும் பெற்றனர். பத்து நிகழ்ச்சிகளுள் ஏழில் யாங்கே நண்பரை முந்தியிருந்தார் என்பதை அறியும்போது, ஒருவரையொருவர் எவ்வளவு உயரத்துக்குத் தூக்கியிருக்கிறார்கள் என்பது தெளிவாகும்.

வாத்தியாருக்கும் தோழனுக்கும் இதுவே வேற்றுமை. வாத்தியார் கேட்பார், நாம் சொல்வோம். தோழன் கேட்பான், நாமும் அவனைக் கேட்கலாம்.

என் கொப்பி

இவ்வரலாற்றை நான் நூல்களில் மட்டும் படிக்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் என் தகப்பனாருக்கு நீரிழிவு கண்டது. “உன் மகனையும் பார்த்துக்கொள்” என்று கிளினிக்கில் எச்சரித்தார்கள். அப்போது என் எடை 84 கிலோ. ஐந்து கிலோமீற்றரை அரைமணி நேரத்தில் ஓடுவது என்று குறி வைத்தேன். எங்கள் லயத்திலேயே வளர்ந்த நண்பன் ஒருவன் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். ஓர் அப்பியாசக் கொப்பியை வாங்கி, நான் ஓடிய தூரத்தை எழுதுவதென்றும், மாலையில் அவன் கையெழுத்திடுவதென்றும் ஏற்பாடு செய்துகொண்டோம்.

மூன்றாம் வாரம் மழை. ஓடாமலே “4 கிலோமீற்றர்” என்று எழுதிவிட்டேன். அன்று காலை முழுவதும் அவன் சந்தியில் வண்டியை நிறுத்தி வாடகைக்குக் காத்திருந்தவன். நான் வராததைக் கண்டவன். கொப்பியை வாங்கிப் பார்த்தான். கையெழுத்து வைக்கவில்லை, “பேர் இல்லை” என்று எழுதினான்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்பேன்! “நீ என்ன எனக்குக் கங்காணியா?” என்று கத்தினேன். அவன் சிரித்தான். “கங்காணின்னா தலைக்காசு வாங்குவான், மச்சான். எனக்கு யாரு தாரா?” என்றான். பிறகு, “எங்கிட்ட பொய் சொன்னாப் பரவால்ல. ஒங்கப்பா மொகத்தப் பாரு” என்றான்.

அன்றிரவு நெடுநேரம் உறக்கமில்லை. எங்கள் பாட்டன்மாரின் கசப்பு என் வாயிலிருந்து தவறான ஆளின்மீது விழுந்துவிட்டதை உணர்ந்தேன். மறுநாள் மாலை மன்னிப்புக் கேட்கப் போனபோது, அவன் கையில் இன்னொரு கொப்பி இருந்தது. நாள் முழுதும் வண்டியில் அமர்ந்து முதுகுவலி கண்டிருந்தான். “நான் தெனம் ரெண்டு கிலோமீற்றர் நடக்கணும். இனி நீ என்னைக் கேளு” என்றான். அன்றிலிருந்து நான் ஓடாத நாளை வெறுமையாகவே விட்டேன். குறித்த காலத்தில் அரைமணியைத் தொடவில்லை. 33 நிமிடமே முடிந்தது. ஆயினும் கொப்பி நிற்கவில்லை. என் தகப்பனாரும் இப்போது மாலையில் கோயில் வரை எங்களுடன் நடக்கிறார். அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

எவரைத் தேடுவது?

இதிலிருந்து நான் கற்றது மூன்று. கணக்குக் கேட்பவர் நம் தெருவில் நம்மைக் கண்ணாற் காண்பவராக இருத்தல் நன்று. நம் வருகையால் அவருக்கு ஊதியம் இருத்தலாகாது. அவரை நாம் திருப்பிக் கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கவேண்டும்.

இது நமக்குப் புதிதும் அன்று. காப்புக் கட்டுவதென்றால் என்ன? நேர்ந்துகொண்டதை ஊரறிய மணிக்கட்டில் அணிவதுதானே! ஆண்டுதோறும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பாதயாத்திரிகர் ஒக்கந்தை, குமணை, யாலைக் காடு வழியாக நம் மாவட்டத்துக் கதிர்காமத்தை வந்தடைகின்றனர். அவர்கள் கூட்டமாகவே நடக்கின்றனர். தனியாக வந்திருந்தால் பாதி வழியில் அமர்ந்துவிடக்கூடிய முதியவர், முன்னே போகிறவர் திரும்பிப் பார்ப்பதனால் எழுந்து நடக்கிறார்.

வாலிப அன்பர்களே, நூறாண்டுக்கு மேலாகப் பிறர் தம் இலாபத்துக்காக நம்மை எண்ணினார்கள். நம் நலத்துக்காக நம்மை எண்ணும் ஒருவரை நாமே தேர்ந்துகொள்வது விடுதலையின் ஒரு பகுதி. இம்மலரை மூடிவைத்ததும் ஒரு கொப்பி வாங்குங்கள். அன்றைக்கே அதை ஒரு நண்பன் கையிற் கொடுங்கள். அவனுடைய கொப்பியை நீங்கள் வாங்கிக்கொள்ள மறவாதீர்கள்.