கடிவாளம்

கடிவாளம் என்பது குதிரையை அடக்கி ஓட்ட உதவும் கருவி. வாய்க்குள் கிடக்கும் இரும்பு, தலையைச் சுற்றிவரும் தோல்வார், ஓட்டுபவர் கையிலிருக்கும் பிடிவார் ஆகிய மூன்றும் சேர்ந்ததே முழுக் கடிவாளம். வாயிரும்பை மட்டுமோ பிடிவாரை மட்டுமோ இப்பெயரால் சுட்டுவதும் உண்டு.

சொல்லின் முன்பாதி ‘கடி’ என்னும் வினை. கன்னடத்தில் இது கடிவாண, மலையாளத்தில் கடிஞ்ஞாண். ஞாண் என்பது நாண், அதாவது கயிறு. குதிரை கடித்திருக்கும் கயிறு என்ற பொருள் தமிழைவிட மலையாள வடிவத்தில்தான் பளிச்சென்று தெரிகிறது.

பெயர் அப்படி இருந்தாலும், குதிரை அதைக் கடிக்கக் கூடாது. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே பல் முளைக்காத வெற்று ஈறு உண்டு. வாயிரும்பு அங்கேதான் படிகிறது. வாரை இழுத்தால் ஈறும் நாக்கும் அழுந்த, குதிரை பணிகிறது. இரும்பைக் கடைவாய்க்குத் தள்ளி இறுகக் கடித்துக்கொண்டுவிட்டால் எவ்வளவு இழுத்தும் பயனில்லை. குதிரை தறிகெட்டு ஓடும்.

கயிறு, தோல், எலும்பு, மான்கொம்பு ஆகியவற்றால் செய்த வாய்க்கட்டுகள் வாயிரும்புக்கு முந்தியவை. மேற்காசியாவில் கி.மு. 2ஆம் ஆயிரத்தாண்டில் வெண்கலம் வந்தது. நாக்பூர் அருகே மாஹுர்ஜரியின் பெருங்கற்காலக் கல்லறைகளில் குதிரை எலும்புகளோடு இரும்பு வாய்க்கட்டுகள் கிடைத்தன.

சங்க நூல்களில் தேர்க்குதிரையின் வாருக்கு ‘வள்பு’ என்று பெயர். குதிரை அப்போதே கடல்வழி வந்த சரக்கு. புகாரில் இறங்கிய பொருள்களில் பட்டினப்பாலை அதையும் சேர்க்கிறது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் (சேரநாட்டுக்) குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் போன்ற துறைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதையும், பேணத் தெரியாமல் அவை மடிந்ததையும் எழுதினார்.

பிற்காலப் படைகளோடு பாரசீகச் சொற்களும் நுழைந்தன. ‘லகாம்’ உருது வழியாக லகான் ஆனது; ‘சாபுக்’ சவுக்கானது. லகான் வந்தும் கடிவாளம் வழக்கொழியவில்லை. விலையேற்றத்துக்கும் வாய்த்துடுக்குக்கும் இன்று நாம் போடுவது கடிவாளம்தான்.

ஒரு வழக்கு மட்டும் பிழை. ஒரே பக்கம் பார்ப்பவரைக் ‘கடிவாளம் கட்டிய குதிரை’ என்கிறார்கள். பார்வையை மறைப்பது வண்டிக்குதிரையின் கண்பட்டை. அது கடிவாளத் தலைவாரோடு சேர்ந்திருப்பதால் வந்த மயக்கம் இது. எழுதுவோர் இந்த இடத்தில் கண்பட்டை என்றே எழுதலாம்.